ஏழாம் குழியில் காற்று பார்ப்பவர்

மனிதர்களில் ‘நம்ம மைதானக்காரர்’ என்று ஓர் இனம் இருக்கிறது. இதைப் பார்க்க நீங்கள் காட்டுக்குப் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியம், தொப்பி மறைத்த நெற்றி வெளுத்தும் மற்றதெல்லாம் கறுத்தும் ஒரு முகம் உங்கள் எதிரே வந்து உட்கார்ந்து, நீங்கள் ஒன்றுமே கேட்காதபோது, “அந்த ஏழாவது குழி இருக்கே...” என்று ஆரம்பித்தால், அதுதான். இனி ஓட முடியாது.

எங்கள் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. என் அக்காவின் கணவர். எங்கள் ஊர்க் கோல்ஃப் மைதானத்தில் அவர் ஒரு புல் நட்டதில்லை, ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை. ஆனால் பேச்சில் எல்லாம் ‘நம்ம மேடு’, ‘நம்ம குளம்’. வேறொரு மைதானத்தை யாராவது பாராட்டிவிட்டால், சொந்தத் தங்கையைக் குறை சொன்ன மாதிரி முகம் சுருங்கிவிடும்.

பதினெட்டுக் குழிகளும் அவருக்கு ஒன்றல்ல. மூன்றாவது ஆகாது; அங்கே அவர் அடிக்கிற பந்து ரோட்டுக்குப் போகும். ஒன்பதாவது ஆகாது, அங்கே ஒரு தடவை கிளப் சமையல்கட்டின் ஜன்னல் உடைந்தது. பதினைந்தாவதில் மணல் பள்ளம். இந்த மூன்றிலும் தப்பு மைதானத்தை வடிவமைத்தவனுடையது. ஏழாவது மட்டும் செல்லப்பிள்ளை. செங்குத்தான மேடு, உச்சியில் ஒற்றை மரம், கீழே குளம், குளத்துக்கு அந்தப் பக்கம் கொடி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவர் அடித்த பந்து குளத்தைத் தாண்டி, கரையில் ஒரு கல்லில் பட்டு, திசை மாறி, தானே உருண்டு குழிக்குள் விழுந்தது. ஒரே அடி! அதற்குப் பிறகு அடித்ததெல்லாம் குளத்தில்தான். அதனால் என்ன? “எவ்வளவு யோசிச்சு வெச்சிருக்கான் பாரு அந்த மனுஷன்!” என்பார். கல்லை வைத்ததும் அவன்தானாம்.

இந்த ஏழாம் குழி தினமும் சாப்பாட்டு மேஜையில் எழும்பும். கவிழ்த்த பாத்திரம் மேடு, உப்பு டப்பா மரம், மகளின் தண்ணீர் டம்ளர் குளம். அவர் பந்து அக்கரை சேரும்வரை குளத்தை யாரும் குடிக்கக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு விக்கல் எடுத்த நாளில்கூட, “கொஞ்சம் பொறும்மா, இன்னும் தாண்டல” என்றார். எங்கள் அக்கா மைதானத்தை ஒரு தடவைகூட மிதித்ததில்லை. ஆனால் அதன் மேடு பள்ளம் அவளுக்கு அத்துப்படி.

ரெண்டு மாதத்துக்கு முன்னால் மாமாவிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. ஏழாம் மேட்டில் ஏறியதும் மரத்தடியில் உட்கார்ந்து, ரெண்டு புல்லைக் கிள்ளி மேலே போட்டு, ஐந்து நிமிஷம் ‘காற்று பார்த்தார்’. கூட ஆடுகிறவர்கள், “என்ன பொறுமை!” என்று வியந்து தாங்களும் உட்கார்ந்தார்கள். பிறகு அது மைதானத்தில் ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. இதை அவரே பெருமையாக மேஜையில் சொல்ல, அக்கா கேட்டுக்கொண்டாள்.

பிறகு ஒருநாள், வீட்டு மாடிப்படியில் பாதியில் நின்று காற்று பார்த்தார்.

வீட்டுக்குள் ஏதுங்க காற்று?

மறுநாள் காலை அக்கா கிளப்பிவிட, மூன்று பேரும் இதய டாக்டரிடம் போனோம். வண்டி ஓட்டியது நான். உள்ளேயும் போய் உட்கார்ந்துகொண்டேன். இப்படியொரு விஷயத்தை வெளியே உட்கார்ந்து கோட்டை விடுவேனா?

“நடக்கும்போது நெஞ்சு அடைக்குதா? எங்கெங்க?” என்றார் டாக்டர்.

மாமா கூரையைப் பார்த்தார். மனிதர் உள்ளே கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. எந்த இடத்தைச் சொன்னாலும் டாக்டர் தடைபோட்டு அந்த இடம் போய்விடும்.

“மூணாவது குழியில,” என்றார். “அப்புறம் ஒன்பது. பதினஞ்சுலயும் லேசா.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “நம்ம மைதானத்துலயா? மூணாவது இறக்கமாச்சே சார்!”

போச்சு. இவரும் அதே இனம். ஸ்டெதஸ்கோப் ஒரு நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருக்க, இரண்டு பேரும் பேச்சிலேயே ஒன்பதாவதில் மட்டையை மாற்றிப் பார்த்தார்கள், பதினைந்தாவது மணலை அள்ளி வெளியே கொட்டினார்கள்.

“ஏழாவதுல எப்படி?” என்றார் டாக்டர் கடைசியில்.

“ஏழாவதுல ஒண்ணுமே இல்ல டாக்டர்! நெஞ்சு பூ மாதிரி இருக்கு.”

அக்கா கைப்பையை மடியிலிருந்து இறக்கினாள். “டாக்டர், அந்த மேட்டுல ஒத்தை மரம் இருக்குல்ல?”

“அட, நீங்களும் ஆடுவீங்களாம்மா?”

“நான் சாப்பாட்டு மேஜையில ஆடுறவ. அந்த மரத்தடியில இவர் ஒரு மாசமா அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து காத்து பாக்குறார். நின்னு பாத்தா காத்து. மூச்சு வாங்க உட்கார்ந்து பாத்தா அதுக்குப் பேரு என்ன டாக்டர்?”

மாமா, “ஏய், சும்மா இரு” என்றார். குரலில் சத்தமே இல்லை.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார். மெதுவாகத் தன் சட்டைப் பையின்மேல் கையை வைத்துப் பார்த்தார்.

“நாங்களும் அங்கதான் உட்காருறோம்...” என்றார்.

சோதனையில் மாமாவின் ரத்தக்குழாயில் அடைப்பு தெரிந்தது. சரிசெய்தார்கள். இன்னும் ரெண்டு வாரம் காற்று பார்த்திருந்தால் மரத்தடியிலிருந்து தூக்கி வந்திருக்க வேண்டுமாம். அந்த டாக்டரும் மறுநாளே இன்னொரு டாக்டரிடம் சட்டையைக் கழற்றியதாகக் கேள்வி. நான் சொன்னதாக வெளியே சொல்லாதீர்கள்.

ஆறு மாதம் மேடு ஏறக் கூடாது என்று உத்தரவு. மாமா கட்டிலில் படுத்தபடியே பேரம் பேசினார்: மூணு, ஒன்பது, பதினஞ்சு மூன்றையும் ஆயுசுக்கும் விட்டுவிடுகிறாராம், ஏழு மட்டும் வேண்டுமாம். நடக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்று மேஜையில் பாத்திரத்தைக் கவிழ்த்து, உப்பு டப்பாவை ஏற்றி, டம்ளரை நகர்த்தினார். அக்கா டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு வைத்தாள்.

“இப்ப தாண்டுங்க.”

“குளமே இல்லாம ஏழாவது குழியாடி?” என்றார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லை, நமக்கென்ன என்ற தைரியம். சரி. டாக்டர் கேட்டபோது பிடிக்காத வேலையில் எல்லாம் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, பிடித்த ஒன்றைப் பற்றி மட்டும் மூச்சு விடாமல் வந்தீர்களே, அது எத்தனையாவது குழி?

போகட்டும், எனக்கெதற்கு ஊர் வம்பு. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நேற்று மாடிப்படியில் பாதியில் நின்று, செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தீர்களே.

காற்று எப்படி இருந்தது?