முந்நூறு உருப்படி

தெருமுனையில் தகரம் அடித்துவிட்டார்கள். தகரத்துக்கு இந்தப் பக்கம் யேசுரத்தினம் வாளியோடு நின்றார். அந்தப் பக்கம் புது எஸ்.ஐ. இந்துஜா லத்தியோடு நின்றார்.

“உள்ள போங்க பெரியவரே. தெருவுல ஒருத்தருக்குக் கொரோனா. பதினாலு நாளைக்கு ஒரு ஆள் வெளிய வரக் கூடாது.”

“பாலு எடுக்கப் போணும் மேடம்.”

லத்தி கீழே இறங்கியது. “பாலா? அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே. பால் அத்தியாவசியம்.”

யேசுரத்தினத்துக்கு வியப்பாக இருந்தது. முப்பது வருஷமாக அந்த வேலையைச் செய்கிறார். அது அத்தியாவசியம் என்று ஒரு அரசாங்க ஆள் சொல்லி அன்றுதான் கேட்டார்.

குலசேகரத்தை ஒட்டிய அந்த மலையடிவாரத்தில் பால் என்றால் ரப்பர் பால்தான். மாடு கறப்பதற்குத்தான் மாட்டுப்பால் என்று தனியாகப் பேர் சொல்ல வேண்டும். இந்துஜா திருவாரூர்ப் பக்கத்துக்காரர். மாற்றலாகி வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. ஆறு நாளும் ரோட்டில் ஆட்களை மறிப்பதிலேயே போய்விட்டதால், மரம் மட்டையைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

“எத்தனை உருப்படி?” என்று நோட்டைத் திறந்தார்.

“முந்நூறு.”

பேனா நின்றது. “முந்நூறா? சொந்தமா?”

“அய்யோ, இல்ல மேடம். முதலாளி குவைத்துல. நான் பாலு எடுக்கது மட்டுந்தான்.”

“கூட எத்தனை பேர்?”

“நான் ஒருத்தன்தான். இன்னைக்கு நூத்தம்பது, நாளைக்கு மத்த நூத்தம்பது. நேரத்தே இறங்கினா மூணு மணிக்கூர்ல தீரும்.”

இந்துஜாவின் வீட்டில் இரண்டு மாடு உண்டு. அந்த இரண்டையும் கறந்து முடிக்க அவருடைய அம்மாவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அவர் யேசுரத்தினத்தின் கையைப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கக் காய்த்துப் போயிருந்தது.

“என்ன ஜாதி?”

யேசுரத்தினம் சற்றுத் தயங்கினார். “நாங்க சி.எஸ்.ஐ. மேடம்.”

“உங்களைக் கேக்கல. பால் குடுக்குதே, அதைக் கேட்டேன்.”

“ஓ, அதா? நூத்தஞ்சு.” ரப்பர் மரத்தில் இனத்துக்கு நம்பர்தான் பேர்.

“நூத்தஞ்சா? புதுக் கலப்பா?”

“பழைய இனந்தான். பாலு நல்லா வடியும். ஆனா மழை பெஞ்சா ஒரு சொட்டு கிட்டாது. பின்ன, ஞாயித்துக்கிழமை எடுக்க மாட்டேன். அதுக்கும் ஒரு ஓய்வு வேணும்லா.”

இந்துஜாவுக்கு மனம் இளகிவிட்டது. வாயில்லா ஜீவனுக்கு இப்படி இரங்குகிற ஆளை அவர் பார்த்ததில்லை. அங்கேயே ஒரு சீட்டு எழுதினார்: யேசுரத்தினம், பால், அத்தியாவசியம். முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

யேசுரத்தினம் அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டார். முந்தின நாள்தான் குவைத்திலிருந்து முதலாளி வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தார். மரம் நாலு நாள் சும்மா நின்றால் தன் மச்சினன் வைகுண்டராஜனைத் தோட்டத்தில் இறக்கிவிடுவாராம். வைகுண்டராஜன் அடைபட்ட தெருவில் இல்லை. அவன் பால்வெட்டுக் கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

மறுநாள் இந்துஜா அவரைக் கை காட்டி நிறுத்தினார்.

“பெரியவரே, எதிர்ப் பள்ளிக்கூடத்துல கேம்ப் போட்டிருக்கோம். வெளிநாட்டுலேருந்து வந்தவங்க இருபத்திரண்டு பேர். நாளையிலேருந்து எட்டு லிட்டர் பால் கொண்டாந்துடுங்க.”

“அவியளுக்கு பாலு எதுக்காக்கும் மேடம்?”

“எதுக்கா? டீ போடத்தான்.”

யேசுரத்தினம் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி நேசம்மாளிடம் விஷயத்தைச் சொன்னார்.

“நேரே போய் உள்ளதைச் செல்லுங்கோ. இது ரப்பர் பாலு, மாடு இல்லன்னு” என்றாள் அவள்.

“சொன்னா சீட்டைக் கிழிச்சிருவா. வைகுண்டராஜன் தோட்டத்துல இறங்குவான். அவனுக்க வெட்டு உனக்குத் தெரியாதா? பட்டையோட நிக்க மாட்டான், எலும்புல கொண்டு வைப்பான். எனக்க மரம் ரெண்டு வருஷம் தாங்காது.”

“பின்ன? அவியளுக்கு சாயாவுல ரப்பரு ஊத்திக் குடுக்கப் போறியளா?”

“ஏட்டி, பதினாலு நாள்தானே. சமாளிச்சிருவேன்.”

கடையில் ஆளுக்கு இரண்டு அரை லிட்டர் பாக்கெட்டுக்கு மேல் கொடுக்கவில்லை. நாலு கடை ஏறி இறங்கி எட்டுப் பாக்கெட் சேர்த்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, மரப்பட்டையை வெட்டிய கையோடு உட்கார்ந்து பாக்கெட்டை வெட்டினார். எல்லாம் ஊற்றினால் தூக்குவாளி பாதிதான் நிறைந்தது.

“எட்டுல்ல கேட்டேன்?” என்றார் இந்துஜா. “முந்நூறு வச்சுக்கிட்டு நாலு லிட்டரா?”

“ஒண்ணு ரெண்டுக்கு சொகமில்ல மேடம்.”

இரண்டு மரத்துக்குப் பட்டை வறண்டு போயிருந்தது உண்மை. அதனால் கர்த்தருடைய கணக்கில் இது பொய்யில் வராது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“இதையெல்லாம் மறைக்கலாமா? ஒண்ணுக்கு வந்தா முந்நூறுக்கும் வருமே!” இந்துஜா அப்போதே மாட்டாஸ்பத்திரிக்குப் போன் போட்டார். உதவியாளர் பிரதீஷ் என்பவர் எடுத்தார். உடனே போய்ப் பார்ப்பதாகச் சொன்னார்.

யேசுரத்தினம் அன்று முழுக்கத் தோட்டத்து வாசலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார். பிரதீஷ் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கேம்ப் இருக்கிற ஊருக்குள் எவன் வருவான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, நாலு லிட்டரை எட்டு லிட்டராக்குவதற்கு வழி பார்த்தார். வழி கிணற்றில் இருந்தது.

கேம்ப் அந்தப் பாலைக் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் ஊரில் பெரிய விவாதம் வெடித்தது.

பள்ளிக்கூடத்து மாடியில் ஓமனிலிருந்து வந்த லிஜோ நின்றான். எதிரே தகரத்துக்கு மேலே தலை தெரிகிற மாதிரி அடைபட்ட தெருக்காரன் ஷாஜன் நாற்காலி போட்டு ஏறி நின்றான். நடுவே ரோடு. சமூக இடைவெளி இருபது அடிக்குக் குறையாமல் இருந்ததால் இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது.

“ஊருக்கு நடுவுல நோயைக் கொண்டு வச்சிருக்கு! கேம்பை எடுக்கணும்!” என்றான் ஷாஜன்.

“ஓய், எங்களுக்கு மூணு தடவ டெஸ்ட் எடுத்தாச்சு. தகரம் வச்சு அடைச்சது உமக்க தெருவையா எங்களையா?”

“உங்கள மாதிரி ஒருத்தன் வந்துதாம்ல தெருவை அடைச்சது!”

“ஊரடங்கே வேண்டாம்னு நேத்து வாட்ஸப்புல போட்டது நீருதானே?”

“அது எங்களுக்கு வேண்டாம்னு போட்டேன். உங்களுக்கு வேணும்!”

அந்த நேரம் பார்த்து யேசுரத்தினம் தூக்குவாளியோடு ரோட்டில் வந்தார். அதுவரை எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சியும் அவரைக் கண்டதும் ஒத்துப்போனது.

“அடைச்ச தெருவுக்க பாலு இனி கேம்புக்குள்ள வரப்பிடாது!” என்று மாடி கத்தியது.

“கேம்புக்குப் போன ஆளு இனி தெருவுக்குள்ள வரப்பிடாது!” என்று தகரம் கத்தியது.

யேசுரத்தினம் ரோட்டின் நடுவில் நின்றார். மாவட்டத்தில் அவர் நிற்பதற்கு அந்த வெள்ளைக் கோடு ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

இந்துஜா வந்து இரண்டு பக்கமும் பேசி ஒரு தீர்ப்புச் சொன்னார். “பெரியவரே, நீங்க பண்ணையிலேயே தங்கிடுங்க. தெருவுக்கும் வர வேண்டாம், கேம்புக்குள்ளயும் போக வேண்டாம். பாலை கேட்டுக்கு வெளிய வச்சுட்டுப் போயிடுங்க.”

நேசம்மாள் தகரத்துக்கு மேலே தலையணையையும் போர்வையையும் பைபிளையும் வீசினாள். “உடம்பைப் பாத்துக்கிடுங்க! பின்ன, பாக்கெட்டை எங்கயும் போட்டிராதீங்க!”

“பாக்கெட்டா? என்ன பாக்கெட்?” என்றார் இந்துஜா.

“பிஸ்கட் பாக்கெட்டு மேடம்.”

தோட்டத்தில் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகை இருந்தது. அதில் பாயை விரித்ததும் யேசுரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. சீட்டும் வேண்டாம், தகரமும் வேண்டாம். கண் விழித்தால் முன்னால் மரம். வைகுண்டராஜன் வேலிக்கு வெளியே இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் போன் அடித்தது.

“என்ன பெரியவரே, பால் தண்ணியா இருக்காம். கேம்ப்ல சண்டை போடுறாங்க.”

“தீவனம் இல்லியே மேடம். லாரி ஓடாததுனால வைக்கோல் வரத்து இல்ல. தண்ணியக் குடிச்சு தண்ணியத்தானே தரும்?”

சொல்லி முடித்ததும், இவ்வளவு நல்ல பதில் தன்னிடம் எங்கே இருந்தது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தோட்டத்து வாசலில் லாரி ஹாரன் அடித்தது. மேலே மலை போல வைக்கோல். இந்துஜா தோவாளைப் பக்கத்து வயல்காரர்களிடம் கெஞ்சி, பாஸ் வாங்கி, தானே கூட வந்திருந்தார். வழி தெரியாமல் நின்றவரை, டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டு நேராகக் கூட்டிவந்தது வைகுண்டராஜன்.

இந்துஜா இறங்கி உள்ளே நடந்தார். வரிசை வரிசையாக மரம். மரத்துக்கு மரம் சாய்வாக ஒரு கீறல். கீறலுக்குக் கீழே ஒரு தேங்காய்ச் சிரட்டை. சிரட்டையில் சொட்டுச் சொட்டாக வெள்ளை.

“மாடு எங்க?”

யேசுரத்தினம் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார். “இதாக்கும் மேடம். முந்நூறு.”

இந்துஜா ஒரு சிரட்டைக்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் ஒட்டியது. மோந்து பார்த்தார்.

“இதுவா பால்?”

“எங்க ஊர்ல இதான் பாலு. அன்னைக்கு நீங்களும் மாடுன்னு ஒரு வார்த்த கேக்கல, நானும் மாடுன்னு ஒரு வார்த்த செல்லல.”

“தீவனம் இல்லைன்னு சொன்னீங்களே!”

“உரம் போட்டு ஒரு வருஷம் ஆச்சு மேடம்.”

“சொகமில்லைன்னு சொன்னது?”

யேசுரத்தினம் பட்டை வறண்ட மரத்தைக் கை காட்டினார். இந்துஜா அந்த மரத்தைப் பார்த்தார். பிறகு லாரி நிறைய நின்ற வைக்கோலைப் பார்த்தார். அவருடைய முகக் கவசம் உள்ளே போய் வெளியே வந்தது.

“அப்ப கேம்ப்ல இத்தனை நாள் குடிச்சது?”

“பயப்படாதீங்க, அது மாட்டுப்பாலுதான். நாலு கடைப் பாக்கெட்டு. பாதி கிணத்துத் தண்ணி.”

“பாத்தியளா மேடம்!” வைகுண்டராஜன் முன்னால் வந்தான். கத்தி இடுப்பில் தயாராக இருந்தது. “பொய் செல்லி வாங்கின சீட்டு. இந்த ஆளைக் கொண்டு கேம்புல போடுங்க. மரத்தை இன்னையிலேருந்து நான் பாத்துக்கிடுதேன்.”

இந்துஜா கையை நீட்டினார். யேசுரத்தினம் பொத்தானைக் கழற்றிச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். வேர்வையில் நனைந்து முத்திரை ஊறியிருந்தது.

“கேஸ் போடுவேன். தெரியுமில்ல?”

“போடுங்க மேடம். கேம்புலயும் கிடக்கேன். ஆனா இவனை மட்டும் மரத்துல கத்தி வைக்க விட்டிராதீங்க. இந்தக் கையால வெட்டுத் தொடங்கின மரமாக்கும், ஒவ்வொண்ணும்.”

வைகுண்டராஜன் அதற்குள் பக்கத்து மரத்தைத் தடவிப் பார்க்கத் தொடங்கியிருந்தான். இந்துஜா சீட்டை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து மேலோரத்தில் லேசாகக் கிழித்தார்.

அப்போது வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. இரண்டு முகக் கவசமும் கண்ணாடியும் கையுறையும் போட்ட ஓர் ஆள் இறங்கினார். கேட்டுக்குள் ஒரு அடி வைக்கவும் பயந்து, லாரிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, ஒரு பதிவேட்டை உயரத் தூக்கிக் காட்டிக் கத்தினார்.

“மேடம், மாட்டாஸ்பத்திரி பிரதீஷ்! நீங்க போன் பண்ணின அன்னைக்கே நேர்ல வந்து முந்நூறு மாட்டுக்கும் ஊசி போட்டு, நீங்களும் கூட நின்னு எண்ணினதா உங்க பேரையும் சேத்து மேலிடத்துக்கு ரிப்போர்ட் அனுப்பியாச்சு. அதுல நாப்பத்தொண்ணு சினை, பழகின ஆளைத் தவிர வேற ஒருத்தரையும் பக்கத்துல விட்டிராதீங்க!”