ஒன்பதாம் தேதியின் முடிவு நேரம்

மலைப்பாதைப் பராமரிப்புச் சங்கத்தின் மாத இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் சங்கத்தில் ஒன்பது வருடம் தொண்டு செய்த, எல்லாரும் 'மண்வெட்டி மாமா' என்று கூப்பிட்ட மனிதரின் மனைவி எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் இறைவன் அருளால் நலமாக இருக்க வேண்டும். இங்கே நலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று வந்த இதழில் மூன்றாம் பக்கத்தில் அவருக்குக் கண்ணீர் அஞ்சலி போட்டிருக்கிறீர்கள், நன்றி. ஏழாம் பக்கத்தில் அதே படத்தைப் போட்டு, சென்ற மாதம் மிக அதிக நேரம் உழைத்தவர், ஐந்நூற்று இருபதரை மணி, ஓய்வென்பதே அறியாதவர் என்று வாழ்த்தும் போட்டிருக்கிறீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், கணக்கு நானாகப் பழகியது. கூட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் தேதி காலை ஏழரையிலிருந்து முப்பதாம் தேதி நள்ளிரவு வரை. கூட்டல் சரி, ஆள்தான் இல்லை.

இது என்னால் வந்த வினை. அவர் மலையிலிருந்து வந்ததும் தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டையும் கேட்டு நோட்டில் எழுதுவேன், டீ குடித்த கால் மணியைக் கழிப்பேன், மகள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். மற்ற வீடுகளில் பஸ்ஸில் தூங்கிய நேரத்தைக்கூடச் சேர்க்கிறார்களாம். "டீ குடிக்கறப்பவும் மண்வெட்டி கையிலதான்டி இருக்கு" என்பார். "அப்ப டம்ளரை யாரு பிடிச்சிருந்தா?" என்பேன். ஆயிரம் மணி ஆனவர் பெயரைச் செதுக்கி ஓடைப் பாலத்தில் பலகை அடிப்பது சங்கத்தின் வழக்கம் என்று தங்களுக்குத் தெரியும். அவருக்கு அந்தப் பலகை மேல் குழந்தை மாதிரி ஆசை. எட்டாம் தேதி ராத்திரி கணக்குப்படி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து மணி நாற்பது நிமிடம். "நாளைக்கு முடிச்சிடறேன் பாரு" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தார்.

ஒன்பதாம் தேதி பாலத்துக்கு மேலே கல்படி பதித்துக்கொண்டிருந்தவர், கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன் என்று உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். கூட இருந்தவர்களில் ஒருவர் பத்தரை என்கிறார், இன்னொருவர் பதினொன்றரை இருக்கும் என்கிறார், ஒருத்தரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் கொடுத்த காகிதத்திலும் நேரம் இல்லை, கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று மட்டும் இருக்கிறது. எது சரியென்றாலும் ஆயிரத்துக்கு இருபது நிமிடமாவது குறையும். கடவுளுக்குப் பதில் சொல்ல முடியாத எண்ணை நான் எழுதுவதில்லை, அதனால் முடிவு நேரத்தைக் காலியாக விட்டேன். மகளும் அப்படியே ஏற்றிவிட்டாள்.

அவருடைய குழுத் தலைவரான பழைய தபால்காரர் வந்து மன்றாடினார். "அண்ணி, அடிவாரம் வந்து சேர்ந்தது ரெண்டரை மணி. அதைப் போடுங்க, ஆயிரம் தாண்டிடும்."

"ஸ்ட்ரெச்சர்ல படுத்திருந்தது வேலையா தம்பி?"

"அவரு அந்த மலையில படுத்ததே அன்னிக்கு ஒருநாள்தான், அண்ணி."

தூக்கி வந்த ஆறு பேரும் ஆளுக்கு மூன்று மணி எழுதிக்கொண்டார்களாம். தூக்கினவர்களுக்கு மணி உண்டு, தூக்கப்பட்டவருக்கு உண்டா என்று தங்கள் விதிப்புத்தகத்தை முழுக்கப் படித்தேன், அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இன்று காலை தங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் மரியாதையான பெண்தான். "முடிவு நேரம் போடலேன்னா அவரு இன்னும் மலையில வேலை செய்யறாருன்னு கம்ப்யூட்டர் எடுத்துக்கும்மா."

"அவர் எங்க இருக்கார்னு எனக்குத் தெரியும்மா, அதை நிறுத்து."

"பேருக்கு உரியவங்க சொன்னாதான் நாங்க நிறுத்த முடியும். அவரை ஒரு நிமிஷம் பேசச் சொல்லுங்களேன்."

நான் போனை வைத்துவிட்டேன், வேறென்ன செய்ய. இதற்குள் தபால்காரர் ஏழாம் பக்கத்தைக் காட்டி, விதிப்படி ஆயிரம் தாண்டியாயிற்று என்று பலகையை அடித்தே விட்டார். அச்சில் வந்ததை நம்பி நாலு பேர் வாழ்த்துச் சொல்லிப் போன் செய்தார்கள். ஒருத்தர் அவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

ஆகையால் தாங்கள் அடுத்த இதழில், அது தவறு, அவர் கணக்கு ஆயிரத்தை எட்டவில்லை என்று திருத்தம் போட வேண்டும். பலகையைக் கழற்றச் சொல்ல வேண்டும். பொய்யான எண்ணின் கீழ் அவர் பெயர் இருக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

தங்கள் பணி சிறக்கவும், மலையேறுகிற பிள்ளைகள் எல்லாம் பத்திரமாக இறங்கி வரவும் தினமும் வேண்டிக்கொள்ளும்,
மண்வெட்டி மாமாவின் மனைவி.
ஐந்தாம் தேதி, பிற்பகல்.

பின்குறிப்பு: உறையில் போடும்போது மகள் வந்தாள். அவர் போனிலிருந்தே நிறுத்திவிடலாமாம், ஒரு நேரத்தைப் போட்டு அமுக்கினால் போதுமாம். திறந்து காட்டினாள். அவர் பெயர், பக்கத்தில் 'பணியில் இருக்கிறார்', அறுநூற்று முப்பத்திரண்டு மணி நாற்பத்திரண்டு நிமிடம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்து மூன்று ஆயிற்று. "என்ன நேரம் போடட்டும்மா?" என்று கேட்டாள். போனை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். திருத்தம் எதுவும் போட வேண்டாம். பலகை இருக்கட்டும். அலுவலகத்தில் யாராவது தெரியாமல் நிறுத்திவிடப் போகிறார்கள், அதற்குத்தான் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். மேலே கேட்கிறவனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.