குருநாதன் கண்டுபிடித்த கடி

அறிஞர்களில் ஒரு ரகம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாம் சொல்வது அவர் காதில் விழாது. விழுந்தாலும் உள்ளே போகாது. ஆறு மாதம் கழித்து அதே விஷயத்தைத் தாமே கண்டுபிடித்து, நம்மை எதிரே நிற்க வைத்து நமக்கே விளக்குவார். ஐம்பதுகளில் இராமநாதபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் போதித்து வந்த குருநாதன் இந்த ரகத்தில் முதல் தரம்.

பாம்பு, பல்லி, ஓணான், ஆமை என்று ஊர்வன எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. வீட்டு முன்னறையில் நூற்றுப் பதினேழு சீசாக்கள்; ஒவ்வொன்றிலும் மருந்துத் தண்ணீரில் ஒரு ஜீவன், வெளியே லத்தீன் பெயர்ச்சீட்டு. அவர் மனைவி நாகலெட்சுமி ஊறுகாய் போட ஒரு சீசா கேட்டுப் பதினோரு வருஷம் ஆயிற்று. உழைப்பில் குறை சொல்ல முடியுமா? மண்டை காயும் வெயிலில் கண்மாய்க் கரையில் குப்புறக் கிடந்து, ஓணான் முட்டையிடுவதை நிமிஷக் கணக்கில் எழுதி, பம்பாயில் ஒரு சஞ்சிகைக்கு அனுப்பி அச்சேற்றிய மனிதர். எதையும் பார்ப்பார். யாரையும் கேட்கமாட்டார்.

சனிக்கிழமை காலைகளில் ரயிலேறித் தங்கச்சிமடம் போவார். வலையில் மீனோடு கடல் பாம்பும் வரும். மீனவர்கள் அதைக் கழியால் தள்ளிக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை, வேதமுத்துவின் வலையில் கிடந்த பாம்பைக் குருநாதன் வெறுங்கையால் தூக்கிவிட்டார். பக்கத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்த வேதமுத்துவின் மனைவி செபஸ்தியம்மாள் பதறிப்போனாள்.

"சார், அது வலக்கடியன்! கீழ போடுங்க!"

"அது நீங்கள் வைத்த பெயர். லத்தீனில் இதற்கு வேறு பெயர்."

"லத்தீனா? பூசையில சாமியார் சொல்றதுதான? அதுல பாம்பெல்லாமா வருது?"

குருநாதன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். இது சாதுவான பிராணி, இதன் பல் சின்னஞ்சிறியது, மனிதத் தோலில் இறங்காது என்று கூடியிருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டே செதில்களை எண்ணினார். இருபத்துமூன்றாவது செதிலில் பாம்பு அவர் கட்டைவிரலின் அடியில் கடித்தது.

முள் குத்தியதுபோல் இருந்தது, அவ்வளவுதான். பாம்பைச் சீசாவில் போட்டு மூடிவிட்டு நோட்டை எடுத்தார். மணி ஒன்பது நாற்பது: வலி இல்லை. ஒன்பது ஐம்பது: வீக்கம் இல்லை. ஆகவே விஷம் இல்லை.

"வலிக்காது சார், வீங்கவும் வீங்காது. அதான் அதோட சூது," என்றாள் செபஸ்தியம்மாள். "கொஞ்ச நேரத்துல ஒடம்பெல்லாம் கடுக்கும். வாய் பூட்டிக்கிரும். ஒண்ணுக்குப் போனா காப்பித் தண்ணி மாதிரி வரும். எங்கய்யாவும் இப்படித்தான், ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டு ஒக்காந்திருந்தாரு. பொழுது சாயுமுன்ன போயிட்டாரு. ரயிலு வாரதுக்குள்ள கெளம்புங்க சார்."

"ஏம்மா, உன் அப்பாவை டாக்டர் பார்த்தாரா? இல்லையே? பின்னே எப்படி நிச்சயமாகச் சொல்கிறாய்?"

நாட்டில் மூடநம்பிக்கை எப்படிப் பரவுகிறது என்று அரைமணி நேரம் பேசினார். தொடை வலித்தது, ரயில் பலகையில் உட்கார்ந்து வந்ததால் என்றார். கழுத்து இழுத்தது, கடற்காற்று என்றார். இமை கனத்தது, வயசு என்றார். "பீதிதான் இந்த மக்களின்..." என்று தொடங்கியவர் அங்கேயே நின்றார். வாய் அதற்குமேல் திறக்கவில்லை. பேசவேண்டியது எவ்வளவோ பாக்கி, தாடை வழிவிடவில்லை.

"தூக்குங்க சாரை!" என்று செபஸ்தியம்மாள் புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

ரயில் பாம்பன் பாலத்தில் ஊர்ந்தபோது, குருநாதனுக்குக் கீழே கடல் தெரியவில்லை. இமைகள் தாமாக மூடிக்கொண்டன. மூச்சை இழுத்து இழுத்து விட்டார். செத்துப்போவோம் என்று முதல்முதலாகத் தோன்றியது. கையால் துழாவினார். மீன் வாடை அடித்த ஒரு கை அதைப் பற்றிக்கொண்டது. பாம்பன் முதல் இராமநாதபுரம் வரை அவர் அதை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கெல்லாம் செபஸ்தியம்மாள்தான் பதில் சொன்னாள்: என்ன பாம்பு, எத்தனை மணிக்கு, முதலில் எங்கே கடுத்தது, இனி என்ன ஆகும். டாக்டர் கேட்டு எழுதிக்கொண்டார். குருநாதனும் கேட்டுக்கொண்டு கிடந்தார். வேறு வழி? சாயங்காலம் காப்பித் தண்ணீரும் வந்தது. ஒன்பது நாள் சிகிச்சை. பிழைத்தார்.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்கள். பாவம் நீங்கள்.

ஆறாம் மாதம் பம்பாய் சஞ்சிகையில் கட்டுரை வந்தது. கடல் பாம்பின் கடி வலிப்பதில்லை, வீங்குவதில்லை. தாடை பூட்டும், சிறுநீர் கறுக்கும். இவற்றைக் கட்டுரையாளரே இந்தக் கரையில் முதன்முதலாகக் கண்டறிந்தார். அடிக்குறிப்பில் ஒரு வரி: "அருகிலிருந்த மீனவப் பெண்ணொருத்தியின் கூச்சலால் சில குறிப்புகள் விடுபட்டன."

அதைத் தங்கச்சிமடத்துக்கே கொண்டுபோய், செபஸ்தியம்மாளை நிற்க வைத்து, தமிழில் வாசித்தும் காட்டினார்.

"இதத்தான சார் அன்னைக்கு நானும் சொன்னேன்?"

"நீ சொன்னது அபிப்பிராயம் அம்மா. இது ஆராய்ச்சி."

"சரி சார். அடுத்த வாட்டி கடிச்சா, ரயிலுக்கு அந்த ஆராய்ச்சியே தூக்கிட்டுப் போகட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் மீன் பிரிக்கப் போய்விட்டாள்.

குருநாதனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரிக்கவேண்டியதுதான். ஆனால் நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்து யாரோ உங்களிடம் ஏதோ சொன்னார்கள். நீங்களும் "ம்" போட்டீர்கள்.

என்ன சொன்னார்கள்?