இரண்டு ஓநாய்களும் ஒரு சம்பந்தமும்

முப்பாட்டன் பிடிப்பவர்கள் என்று ஓர் இனம் உலகத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறது. பார்ப்பதற்கு நம்மைப் போலவே இருப்பார்கள். ரொட்டிக்கடையில் வரிசையில் நிற்பார்கள், பல் வலித்தால் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் டாக்ஸியில் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் ஓட்டுநரின் குலத்தைக் கேட்டுவிடுவார்கள்; சாவு வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டே, போனவரின் நாலாவது பாட்டனார் குளிர்காலத்தில் எந்த ஆற்றங்கரையில் தங்கினார் என்று விசாரிப்பார்கள்; தொட்டிலை எட்டிப் பார்த்தால் குழந்தையைக் கொஞ்ச மாட்டார்கள், மூக்கு எந்தக் கிளையுடையது என்று ஆராய்வார்கள். உயிரோடிருக்கும் சொந்தக்காரர் போன் செய்தால்? எடுக்க மாட்டார்கள். செத்தவர்களோடு அவ்வளவு வேலை இருக்கிறது.

இந்த இனத்தில் நன்றாக விளைந்த ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால், கரகண்டா நகரில் நாலாவது மாடியில் குடியிருக்கும் ஒராஸ்கலியைப் போய்ப் பாருங்கள். ரயில்வேயில் கால அட்டவணை போட்டுக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்றபின் ரயில்கள் தம் பாட்டுக்கு ஓட, இவர் பாட்டன்மாரின் வருகையையும் புறப்பாட்டையும் கவனிக்க ஆரம்பித்துவிட்டார். கசாக்கியனாய்ப் பிறந்தவனுக்குத் தந்தை வழியில் ஏழு பாட்டன்மாரின் பெயர் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். அந்த ஏழில் ஒருவர் இரு வீட்டுக்கும் பொதுவாக வந்துவிட்டாலும் பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஒராஸ்கலிக்கு ஏழும் தலைகீழாய்த் தெரியும். தெரிந்ததோடு சும்மா இருந்தாரா? ஆதாரம் வேண்டுமாம்.

ஆதாரம் தேடுவதற்கென்றே இணையத்தில் 'ஏழு பாட்டன்மார்' என்று ஒரு குழு இருக்கிறது. ஓம்ஸ்க்கில் ஒரு கர்னல், அல்மாட்டியில் ஒரு பல் டாக்டர், மங்கோலியாவில் ஒரு குதிரை வியாபாரி என்று ஊர் ஊராய் ஆட்கள். எல்லோரும் ஆண்கள். ஜார் காலத்துக் குடிக்கணக்கின் படங்களை யாராவது ஒருவர் போட, மற்றவர்கள் பூதக்கண்ணாடியோடு பாய்வார்கள். ஒரு மைப்புள்ளி எழுத்தா ஈயின் எச்சமா என்பதில் கர்னலும் பல் டாக்டரும் பேச்சு வார்த்தையை நிறுத்தி ஒரு குளிர்காலம் ஆகிறது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒற்றுமை: தாள் பொய் சொல்லாது.

இப்படிப்பட்டவருக்கு அக்மாரல் என்று ஒரு பெண். அவளுக்கும் மதியார் என்ற பையனுக்கும் சம்பந்தம் பேசி, மாமியார் வந்து காதில் தோடும் போட்டுவிட்டுப் போயாயிற்று. வருகிற சனிக்கிழமை சம்பந்திகள் கூடி ஆட்டு வால் கொழுப்பும் ஈரலும் ஊட்டிக்கொள்ள வேண்டும். அது தொண்டையில் இறங்கிவிட்டால் பிறகு யாரும் பேச்சு மாற முடியாது.

புதன்கிழமை மாலை ஒராஸ்கலி கணினியிலிருந்து எழுந்து வந்தார். முகம் வெளிறியிருந்தது. ஆனால் கண்ணில் ஒரு பிரகாசம், அதை மறைக்க அவரால் முடியவில்லை.

"கல்யாணம் நடக்காது."

மனைவி ஷோல்பான் மாவு பிசைந்த கையோடு திரும்பினாள். "ஏன், என்ன கேடு வந்துச்சு?"

"நம்ம நாலாவது பாட்டனார் கஸ்கிர்பாய் இல்லடி, போரிபாய். நூரா ஆத்தங்கரை, அதே குளிர்கால இடம், அதே மகன்மார் பேரு, எல்லாம் குடிக்கணக்குல இருக்கு. குடும்பத் தலைவர் போரிபாய்னு போட்டிருக்கான். சம்பந்தி சாபித்தோட பாட்டன்மாருல ஒருத்தர் பேரும் போரிபாய். அவரும் நூராக்காரர். பொண்ணும் பையனும் அண்ணன் தங்கச்சி."

"அவங்க வேற குலமாச்சேங்க?"

"கர்னலும் அதத்தான் கேட்டார். ஊர் ஊரா அலைஞ்ச காலத்துல எவன் எந்தக் குலத்துல போய் ஒட்டிக்கிட்டானோன்னு டாக்டர் என்கிட்ட சொல்லிட்டார். குழுவுல எல்லாரும் வாழ்த்து சொல்றாங்க."

"எதுக்கு வாழ்த்து?"

"கண்டுபிடிச்சதுக்கு."

பார்த்தீர்களா? மகள் வாழ்வில் மண் விழுகிறது. இவருக்கு வாழ்த்து மழை. மனிதர் மகளை உயிராய் நினைப்பவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் புதிதாய்க் கிடைத்த பாட்டனார் ஒரு கண்ணிலும் மகள் மறு கண்ணிலுமாக, எந்தக் கண்ணால் அழுவது என்று தெரியாமல் நின்றார். சம்பந்தி வீட்டில் காட்டுவதற்காக வம்ச மரத்தைச் சுவரளவுக்கு அச்செடுத்தும் வந்துவிட்டார்.

அக்மாரல் அழவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்தத் தாளை அடியிலிருந்து மேலே படித்தாள். இரண்டாவது பெயரிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா, தாத்தா பேரு பால்காபாய்தானே? இதுல தோக்பாக்பாய்னு இருக்கு."

ஒராஸ்கலி கண்ணாடியை மாட்டினார். பால்கா என்றால் சுத்தியல். தோக்பாக் என்றால் மரச் சுத்தியல். பெற்ற அப்பன் பெயரே மரமாகிவிட்டது.

"எவன் செஞ்ச வேலை இது?"

"நாந்தான்" என்றாள் ஷோல்பான். "எனக்குக் கண்ணு எரியுது, நீ டைப் அடின்னு என்கிட்ட கொடுத்தீங்களே. மாமனார் பேரைப் போய் நான் அடிப்பேனா?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. கசாக்கிய வீட்டில் எந்த மருமகள் வாயில்தான் மாமனார் பெயர் வரும்? அவர் பெயர் சுத்தியல் என்பதால், அந்த வீட்டில் சுத்தியலுக்கே 'ஆணி தட்டி' என்றுதான் பெயர். கடைக்காரருக்கும் பழகிவிட்டது.

"வாயாலதானே சொல்லக் கூடாது? விரலால அடிச்சா என்ன?"

"விரல் யாரோடதாம்?"

அக்மாரல் தாளைக் கீழே வைத்தாள். "அப்பா, குடிக்கணக்கு எழுத வந்தவன்கிட்ட அன்னைக்கு யாரு பேசியிருப்பா?"

ஒராஸ்கலி அந்த நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆண்கள் குதிரைகளோடு போயிருப்பார்கள். கிழவர் எங்காவது விருந்துக்குப் போயிருப்பார். தேநீர் கொதிக்கிற சமோவாருக்குப் பக்கத்தில் நின்றவள் மருமகள். குடும்பத் தலைவர் பெயரென்ன என்று மை தொட்ட பேனாவோடு ஒருவன் கேட்கிறான். மாமனார் பெயர் கஸ்கிர்பாய். கஸ்கிர் என்றால் ஓநாய். அவள் என்ன செய்வாள்? ஓநாய்க்குத்தான் இன்னொரு சொல் இருக்கிறதே, போரி என்று. போரிபாய் என்றாள். அவனும் எழுதிக்கொண்டான்.

"தாள் பொய் சொல்லலங்க" என்றாள் ஷோல்பான், மாவுக்குத் திரும்பியபடி. "மரியாதையா சொல்லியிருக்கு. உங்க குழுவுல ஒரு மருமகளைச் சேர்த்திருந்தா முதல் நாளே சொல்லியிருப்பா."

ஒராஸ்கலி மகளைக் கட்டிக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார், இரண்டு கண்ணாலும். பிறகு நேரே போய்க் குழுவில் அறிவித்தார். மறுபடியும் வாழ்த்து மழை.

சனிக்கிழமை வந்தது. சம்பந்திகள் சுற்றி உட்கார்ந்தார்கள், பால் விட்ட தேநீர் மூன்று சுற்று போயிற்று, பாட்டு பாடினார்கள். ஷோல்பான் தட்டு நிறைய வால் கொழுப்பும் ஈரலும் எடுத்துக்கொண்டு ஊட்ட வந்தாள். சரியாக அந்த நேரத்தில் ஒராஸ்கலியின் கண்ணில் அந்தப் புதன்கிழமைப் பிரகாசம் திரும்பிவிட்டது. சாபித்தின் காதோரம் சாய்ந்தார்.

"சம்பந்தி, ஒரு சின்ன சந்தேகம். எங்க வீட்டு மருமகதான் கஸ்கிரைப் போரின்னு சொன்னா. உங்க போரிபாய் நிஜமாவே போரிபாய்தானா, இல்ல உங்க வீட்டு மருமகளும்..."

சம்பந்திக்கு என்று எடுத்த பிடி, வழக்கத்துக்கு மாறாக, முழங்கை மடங்கிச் சொந்த வீட்டுக்காரர் வாய்க்குள் போயிற்று. ஷோல்பானின் கைப்பிடி சின்னதல்ல. வால் கொழுப்பை வாய் கொள்ள வைத்துக்கொண்டு கரகண்டாவில் இதுவரை யாரும் ஆராய்ச்சி செய்ததில்லை. ஒராஸ்கலி விழுங்கினார்; சம்பந்தம் உறுதியாயிற்று.

சரி, நீங்கள் சொல்லுங்கள். சாபித்தின் போரிபாய் மீது அந்தச் சந்தேகம், ஒராஸ்கலி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே உங்களுக்கும் வந்துவிட்டதா? வந்திருந்தால் என் அனுதாபங்கள். குழுவில் உங்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் அதை வெளியே சொல்லுமுன் ஒரு தடவை பின்னால் திரும்பி, யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.