ரப்பர் கிடையாது

மூக்கு மறுபடியும் தாடைக்கு இறங்கிவிட்டது.

லிஃப்ட் மெக்கானிக் ரப்பரை எடுத்து அழுத்தித் தேய்த்தார். மூக்கு போயிற்று. கூடவே காகிதமும் போயிற்று. மகளின் முகம் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை. ஓட்டைக்குள் மேஜை தெரிந்தது.

"அப்பா, நான் எந்திரிக்கலாமா?"

"இரும்மா, இன்னும் கொஞ்சம்தான்."

"கழுத்து திரும்பவே மாட்டேங்குதுப்பா."

மகளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசியில் விமானம். அதற்குள் அவள் முகத்தைத் தன் கையால் வரைந்து அவளிடமே கொடுத்தனுப்ப வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. கம்பியும் கப்பியும் பிடித்த கை அது. இதுவரை அவர் வரைந்ததெல்லாம் எந்த வயர் எங்கே போகிறது என்ற படம்தான்.

"போட்டோ எடுத்தாப் பத்தாதா?" என்று மனைவி கேட்டாள்.

"அதை செல்போன் எடுக்கும். இதை நான் எடுக்கணும்."

"எடுங்க, எடுங்க. பொண்ணு கழுத்து சுளுக்கோட ஊருக்குப் போகட்டும்."

மகள்தான் வழி சொன்னாள். "ஆன்லைன்ல படம் வரையப் பழகுறவங்க குழு நிறைய இருக்குப்பா. சேர்ந்து கேளுங்க."

சேர்ந்தார். 'எந்தப் பென்சில் வாங்கலாம்?' என்று வெள்ளந்தியாக ஒரு கேள்வி போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் அங்கே போர் மூண்டிருந்தது. மென்மையான பென்சில்தான் பென்சில் என்றது ஒரு கட்சி. கெட்டிப் பென்சில் பிடிக்காத கை கையே இல்லை என்றது இன்னொரு கட்சி. பென்சில் காலமே மலையேறிவிட்டது, டேப்லெட் வாங்கு என்று மூன்றாவதாக ஒருவர் நுழைந்தார். அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டினார் நான்காமவர். கடைசியில், சண்டையை ஆரம்பித்தது யார் என்று பார்த்துக் குழுத்தலைவர் மெக்கானிக்கை வெளியே அனுப்பினார்.

அதற்குள் எல்லாக் கட்சிக்கும் நியாயம் செய்யும் விதமாக அவர் எல்லாவற்றையும் வாங்கியிருந்தார். மென்மையான பென்சிலில் மகளுக்கு மீசை முளைத்தது. கெட்டிப் பென்சிலில் மகள் இருக்கிற இடமே தெரியவில்லை. மச்சானின் டேப்லெட்டை இரவல் வாங்கி வரைந்தபோது உள்ளங்கை எங்கோ பட்டு, முகம் சர்ரென்று திரையை விட்டே ஓடிவிட்டது.

"ஐயோ, பொண்ணைத் தொலைச்சுட்டேன்!" என்று அலறினார்.

அடுப்படியிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். சோபாவில் மகள் படுத்திருப்பதைப் பார்த்ததும் கரண்டியை அவர் பக்கம் திருப்பினாள்.

அந்தக் கரண்டிக்குப் பயந்து மொட்டைமாடிக்கு ஏறிய இடத்தில்தான் புதுக் குழு ஒன்று அவர் கண்ணில் பட்டது. பெயர் 'அழியாக் கோடுகள்'. பேரே நன்றாயிருக்கிறதே என்று சேர்ந்தார். முதல் படத்தைப் பார்த்ததும் மூச்சு நின்றுவிட்டது.

ஒரு தாயின் முகம். வெறும் கறுப்புக் கோடு. ஆனால் கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் பேசியது. அடுத்ததில் ஒரு புலி, இதோ திரும்பப் போகிறது. அடுத்ததில் ஒரு ரோஜா. இதழில் நின்ற நீர்த்துளியைத் துடைக்க அவர் விரல் தானாகத் திரைக்குப் போனது. கோடுகளில் எங்கேயும் ஒரு தயக்கம் இல்லை, ஒரு திருத்தம் இல்லை.

"மனுசங்கதானா இவங்க?" என்று வாய்விட்டே சொன்னார்.

குழுவில் எழுதினார்: 'நான் புதுசு. என் மகள் முகம் போட வேண்டும். தப்பு வந்தால் எந்த ரப்பர் நல்லது?'

 பிறகு 'கறுப்பு மை' என்ற பெயரில் குழுத்தலைவர் வந்தார்.

'இங்க ரப்பர் கிடையாதுண்ணே. ஒரு கோடு இழுத்தா ஆயுசுக்கும் நிக்கும். அந்தப் பயம் உள்ள இருக்கணும், கையில மட்டும் இருக்கக் கூடாது.'

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே இறங்கி வீட்டிலிருந்த ரப்பரையெல்லாம் அள்ளிக் குப்பையில் போட்டார்.

அன்று முதல் 'கறுப்பு மை' சொன்னதுதான் சட்டம். 'கோட்டுக்கு மூணு ஊசி, நிழலுக்கு ஏழு ஊசி' என்றது குழு. எழுதுபொருள் கடைக்காரர் யோசித்துவிட்டு இரண்டு ஊசிமுனைப் பேனாக்களை எடுத்துக் கொடுத்தார். 'முதல்ல ஆரஞ்சுத் தோல்ல பழகுங்கண்ணே. வளைவு கைக்கு வரும்' என்றது குழு. பை நிறைய ஆரஞ்சு வந்தது.

மறுநாள் மச்சான் டேப்லெட்டைத் திரும்ப வாங்க வந்தான். தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்தவன் திடுக்கிட்டான்.

"என்ன மாமா, பழம் என்னையே பாக்குது?"

"அது உங்கக்கா. மூக்கைப் பாத்து உரி."

"இந்த மூக்கு என்னுதா?" என்றாள் மனைவி. அப்புறம் மூன்று நாள் வீட்டில் யாரும் ஆரஞ்சு சாப்பிடவில்லை.

'உக்கார்றவங்களுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போடுங்கண்ணே, இல்லைனா மயக்கம் வரும்' என்றது குழு. மகளுக்கு மூன்றாம் முறை பரிமாறினார்.

"படம் வரையறதுக்கு நான் எதுக்குப்பா மயங்கி விழணும்?"

"இவ்வளவு நாள் வரைஞ்சது விளையாட்டும்மா. இது கலை."

கடைசியாக ஒரு கட்டளை வந்தது. 'போடற இடத்துல ஒரு முடிகூட இருக்கக் கூடாது. சுத்தமா வழிச்சிடுங்க.'

மேஜையைத் தடவிப் பார்த்தார். முடி இல்லை. பிறகுதான் விளங்கியது. படத்தின் மேல் ஒரு முடி விழுந்தாலும் கோடு கெட்டுவிடும் அல்லவா? எவ்வளவு பெரிய ஒழுக்கம்! கத்தியை எடுத்து முழங்கைவரை வழித்தார். குனிந்து வரையும்போது மேலே இருப்பதும் விழலாமே என்று, கல்யாணத்துக்கு முன்பிருந்தே வளர்த்த மீசையையும் எடுத்தார்.

மறுநாள் வேலைக்குப் போன அடுக்குமாடியில் வாட்ச்மேன் தடுத்தார். "யார் சார் நீங்க? லிஃப்ட்காரர் வந்தாத்தான் அந்த ரூமைத் திறப்பேன்."

"நான்தாங்க லிஃப்ட்காரன்!"

"அவருக்கு மீசை இருக்கும்."

லிஃப்ட் மேலேயும் கீழேயும் இல்லாமல் நின்றது. சூப்பர்வைசர் வந்து அடையாளம் சொன்ன பிறகே கதவு திறந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னல் வெளிச்சத்தில் மகள் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, உங்க மேலுதட்டை இன்னிக்குத்தான் பாக்கறேன். என் உதடு மாதிரியே இருக்கு" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். உண்மைதான். அதே உதடு. பார்த்தவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இடது புருவம் வலதைவிட ஒரு நூல் உயரம். சிரிக்காதபோதும் சிரிக்கத் தயாராக இருக்கும் கன்னம். வீட்டுக்குள் இத்தனை வருஷம் நடமாடிய முகத்தை இப்போதுதான் பார்க்கிறோம் என்று தோன்றியது. இவ்வளவு இருந்ததா இதில்?

ஆயுசுக்கும் நிற்கும் என்று நினைத்துக்கொண்டு பேனாவை வைத்தார். கை நடுங்கவில்லை. நெற்றியிலிருந்து இறங்கிய கோடு மூக்கில் வழுக்கி, உதட்டில் தயங்காமல் திரும்பி, கழுத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மூக்கு மூக்கின் இடத்திலேயே நின்றது.

கரண்டியோடு வந்த மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கரண்டி மெல்லக் கீழே இறங்கியது.

"என்னங்க, இவ அப்படியே இருக்காளே" என்றாள்.  "இதை எடுத்துட்டுப் போயிட்டா நம்மகிட்ட என்ன இருக்கும்? இன்னொண்ணு போடுங்க."

மகள் எழுந்து வந்து அப்பாவின் வழித்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

படத்தைப் போட்டோ எடுத்துக் குழுவுக்கு அனுப்பினார். குழுவே எழுந்து நின்றது போலப் பாராட்டு கொட்டியது. அடுத்த நிமிஷம் வீடியோ அழைப்பு. 'கறுப்பு மை'யேதான். மெக்கானிக் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, எழுந்து நின்று, பக்தியோடு திரையைத் தொட்டார். மனைவியும் மகளும் தோளுக்கு இருபுறமும் எட்டிப் பார்த்தார்கள்.

திரையில் மலை மாதிரி ஒரு மனிதர். கண்ணில் நீர் ததும்பக் கை கூப்பினார்.

"காகிதத்துலயே இந்தப் போடு போடுறீங்களே, நாளைக்கு ஒரு ஆளைப் படுக்க வெச்சுப் பச்சை குத்தினா எப்படி இருக்கும்ணே!"