பாத்ரூம் சுவரில் என் வீட்டுக்காரர் பெயர்

அரைகுறையாகப் படித்தவளுக்குத்தான் கோபம் சட்டென்று வரும். ஒரு எழுத்தும் தெரியாதவள், "இதுல என்னங்க போட்டிருக்கு?" என்று நாலு பேரைக் கேட்பாள். நன்றாகப் படித்தவள் கடைசி வரி வரை படித்துவிட்டு வாயைத் திறப்பாள். நான் நடுவில் மாட்டிக்கொண்டவள். எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் பஸ் போர்டில் கற்றது. ஸ்ரீரங்கம், சமயபுரம், கே.கே. நகர். முதல் எழுத்தைப் பார்ப்பேன், ஏறிவிடுவேன். (இரண்டு முறை தப்பான பஸ். வீட்டில் சொல்லவில்லை.) அன்றைக்கும் அப்படித்தான் ஒரே ஒரு பெயரைப் படித்துவிட்டு ஏறினேன். இன்னும் இறங்க முடியவில்லை.

என் மகள் மல்லிகா ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போனவள், அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா பெயர் யோஹானா. நான் யோகம்மா என்று ஆக்கிக்கொண்டேன். வெள்ளைக்காரர்களில் அவர்கள் டச்சுக்காரர்கள். உலகச் சண்டை முடிந்து ஹாலந்தில் இருக்க வீடும் செய்ய வேலையும் இல்லாமல் போனதால், யோகம்மாவின் அப்பா ஆறு பிள்ளைகளோடு கப்பல் ஏறிவிட்டாராம். யோகம்மாவுக்கு அப்போது ஏழு வயது. இறங்கியதும் தகரக் கொட்டகை முகாம். பிறகு அவர்களைப் போலவே வந்த குடும்பங்கள் ஒன்றுகூடி, ஒருவர் வீட்டுக்கு மற்றவர் செங்கல் சுமந்து ஒரு தெருவையே கட்டினார்களாம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் வீட்டு பாஷை பேசக் கூடாது என்றார்களாம். அதனால் யோகம்மா தன் மகனுக்கு டச்சு சொல்லித்தரவே இல்லை. இதெல்லாம் மல்லிகா சொல்லி நான் தெரிந்துகொண்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் யோகம்மா மல்லிகாவோடு திருவானைக்காவலில் என் வீட்டுக்கு வந்தார். என் ஓரகத்தி சரோஜா ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லியிருந்தாள்: "வெள்ளைக்காரி அக்காவை எங்க மதிக்கப் போறா? பொண்ணு போனது போனதுதான்." அதை அவள் வாயாலேயே விழுங்க வைக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேருக்கு விருந்து சொன்னேன். சம்பந்தியம்மா என்னை மதிக்கிறார் என்று அத்தனை பேரும் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் காலமாகி ஆறு வருஷம். அன்றுவரை அவர் பெயரை நான் வாயால் சொன்னதே கிடையாது. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவேன். அது பெருமாள் பெயரும் ஆகிவிட்டதால் ஸ்ரீரங்கம் கோயிலில் நின்று சாமி பெயரையும் சொல்ல முடியாது. "பெரியவரே, காப்பாத்துங்க" என்று கும்பிட்டுவிட்டு வருவேன். (எழுதினால் குற்றமில்லை: ரெங்கநாதன்.)

மல்லிகா வாழை இலை வாங்கப் போயிருந்தாள். சரோஜா கைகால் கழுவப் போனவள், முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தாள்.

"அக்கா, உங்க சம்பந்தியம்மா மாமாவுக்கு நல்ல எடமாப் பாத்துக் குடுத்திருக்காங்க."

"என்னடி ஒளர்ற?"

"உள்ள போய்ப் பாருங்க. கக்கூஸுக்கு எதிர்ச் சுவத்துல மாமா பேரு தொங்குது. பெருமாளுக்கும் சேத்து ஆச்சு."

போனேன். ஓரமெல்லாம் பழுப்பேறிய ஒரு காலண்டர். ஏதேதோ வெளிநாட்டுக் கிறுக்கல். நடுவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல் கொட்டை எழுத்தில், ரெங்கநாதன். அதற்கு மேல் நான் எதையும் படிக்கவில்லை. பிடுங்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன்.

"யாரு இதை அங்க மாட்டுனது?"

யோகம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். "மீ!" முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கொளுத்தியது.

"எம் புருஷன் பேரைக் கொண்டுபோய்க் கக்கூஸ்ல மாட்டுவியா நீ? ரெங்கநாதன்! ரெங்கநாதன்டி அவரு பேரு!"

"யெஸ், யெஸ், ரெங்கநாதன்!" என்று யோகம்மா தலையாட்டினார். நான் பாராட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

"ஐயையோ, அக்கா பேரைச் சொல்லிட்டாங்க!" என்றாள் சரோஜா. தெருவுக்கே கேட்டிருக்கும். நாற்பத்தோரு வருஷம் காப்பாற்றியதை ஒரு நிமிஷத்தில் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது.

அதோடு விட்டேனா? தீட்டுக் கழிக்கிறேன் என்று கொல்லையில் ஒரு வாளியில் மஞ்சளைக் கரைத்துக் காலண்டரை முக்கிவிட்டேன். இலைக்கட்டோடு உள்ளே வந்த மல்லிகா அதை அப்படியே கீழே போட்டாள்.

"அம்மா! என்ன காரியம் பண்ற? அது அவங்க அம்மாவோடதும்மா!"

அவள் சொல்லித்தான் தெரிந்தது. அந்தக் காலண்டரில் தேதி உண்டு, கிழமை கிடையாது. அதனால் எந்த வருஷமும் பழசாகாது. சொந்தக்காரர்கள் பிறந்த நாளையெல்லாம் எழுதி, டச்சுக்காரர்கள் அதைக் கழிவறையில்தான் மாட்டுவார்களாம். தினமும் எல்லாரும் போகிற இடம், யாரையும் மறக்க முடியாது என்று. இது யோகம்மாவின் அம்மா கப்பலில் கொண்டுவந்தது.

யோகம்மா வாளியைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினார். மல்லிகா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

"எட்டு பேர் இருந்த வீட்டுல தாழ்ப்பா இருந்தது அந்த ஒரு ரூமுக்குத்தானாம். அவங்க அம்மா உள்ள போயி, ஹாலந்துல விட்டுட்டு வந்தவங்க பேரையெல்லாம் படிச்சிட்டு, கண்ணு செவந்து வெளிய வருவாங்களாம். கடைசி வரைக்கும் திரும்பிப் போகவே முடியலையாம். கூடப் பொறந்த அஞ்சு பேரும் இப்ப இல்லையாம். எங்க வீட்டுல இனிமே பேரு எழுத ஆளில்ல, உங்க வீட்டுல நெறைய பேரு இருக்கீங்க, இங்க தொங்கட்டும்னு கொண்டுவந்தாங்கம்மா. மூணு மாசம் என்கிட்ட தமிழ் எழுத்து கத்துக்கிட்டு எழுதினாங்க. சரோஜா சித்தி பேருகூட இருக்கு."

சரோஜா எட்டி வாளிக்குள் தன் பெயரைத் தேடினாள்.

நான் காலண்டரை வெளியே எடுத்தேன். யோகம்மாவின் அம்மா மைப் பேனாவில் எழுதிய நீலமெல்லாம் மஞ்சள் தண்ணீரில் கரைந்து, வாளி பச்சையாக இருந்தது. அந்த அம்மாளின் அப்பா, அம்மா, அக்கா, தங்கை, ஹாலந்தில் விட்டு வந்த அத்தனை பேரும் போய்விட்டார்கள். யோகம்மா பால்பாயிண்டில் எழுதிய எங்கள் பெயர்கள் மட்டும் நின்றன. ரெங்கநாதன் பளிச்சென்று இருந்தார்.

முந்தானையால் ஒற்றினேன். கொஞ்சம் மிச்சமிருந்ததும் முந்தானையோடு வந்தது.

யோகம்மா என் கையைத் தட்டிக்கொடுத்து, "ஓகே, ஓகே" என்றார். பிறகு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெகு நேரம் வரவில்லை. இலை போட்டபடி கிடந்தது. பன்னிரண்டு பேரும் நாங்களும் பாத்ரூம் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஊருக்குப் போனபோது என்னைக் கட்டிக்கொண்டுதான் போனார். நான்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரில் சொல்ல வெட்கம், போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். போன வருஷம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு மல்லிகாவைக் கூப்பிட்டு, "நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுடி" என்றேன்.

"எப்படிம்மா சொல்றது? அவங்களுக்கு இங்கிலீஷே மறந்து போச்சு. இப்ப சின்ன வயசு பாஷை மட்டும்தான் பேசறாங்க. இவருக்கே அது புரியல."

டச்சுக்காரர்கள் தங்கள் வயசானவர்களுக்காகக் கட்டிய இல்லத்தில் இருக்கிறாராம். அங்கே டச்சு பேசும் நர்ஸ் ஒருத்தி இருக்கிறாளாம். அவளிடம் சொல்லச் சொன்னேன். சொன்னாளாம். "யார் அது?" என்று கேட்டாராம் யோகம்மா.

காலண்டர் இப்போது எங்கள் பாத்ரூமில் அதே ஆணியில் தொங்குகிறது. எங்கள் சொந்தத்தில் யாரும் பாத்ரூம் போகிறேன் என்று சொல்வதில்லை. "மாமாவைப் பாத்துட்டு வந்துடறேன்" என்பார்கள். கல்யாண வீட்டில்கூட அதுதான். நான் உள்ளே கொஞ்சம் தாமதித்தால் போதும், சரோஜா கதவைத் தட்டுவாள்: "அக்கா, மாமாகிட்ட பேசி முடிச்சாச்சா? எனக்கு அவசரம்!"

சிரிக்கட்டும். பெயரைத்தான் அன்றைக்கே சொல்லியாயிற்றே, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இப்போதும் சொல்கிறேன். சொல்லிவிட்டு அந்தப் பச்சைக் கறையில் வேறு ஒரு பெயராவது தெரிகிறதா என்று உற்றுப் பார்ப்பேன். தெரிந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது.