க்ளிங் ராப் சுற்றிய பைனாகுலர்

அமெரிக்காவில் குடியேறிய தமிழன் எதையும் வாங்குவதில்லை. முப்பது நாளைக்கு இரவல் எடுக்கிறான். பிடித்தால் வைத்துக்கொள்வான். பிடிக்காவிட்டால் அட்டைப்பெட்டி, தெர்மாகோல், உள்ளே கிடந்த சிலிக்கா பொட்டலம் முதற்கொண்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவான். இந்தக் கலையில் நான் கைதேர்ந்தவன். எங்கள் வீட்டு டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையை இன்றுவரை யாரும் கழற்றியதில்லை. (டிவி போய்ச் சேர்ந்துவிட்டது, ரிமோட் மட்டும் புத்தம் புதுசு.) அந்தக் கலைதான் டெக்சாஸ் காட்டில் என் காலை வாரியது.

ஹூஸ்டனில் என் மேனேஜர் பெயர் டேல். கட்டடத்துக்குள்ளும் தொப்பியைக் கழற்றாத மனிதர். என் க்ரீன் கார்டு விண்ணப்பம் அவருடைய கையெழுத்துக்காகக் காத்துக்கிடந்தது. எப்போது போடுவார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒருநாள் அவரே என் மேஜைக்கு வந்தார்.

"என் பைனாகுலர் செத்துப்போச்சு. நீ டேட்டா ஆளாச்சே, துப்பாக்கி வேட்டைக்குத் தோதா, தூரம் அளக்கிற ரேஞ்ச்ஃபைண்டர் உள்ளேயே இருக்கிற மாதிரி ஒண்ணு பார்த்து எடேன். சனிக்கிழமை மான் வேட்டைக்குக் கொண்டு வா. பிடிச்சா நான் வச்சுக்கறேன், இல்லேன்னா திருப்பிக் குடுத்துடு."

"ஷ்யூர்" என்றேன். எங்கள் வீட்டில் முட்டை போட்ட கேக்கே வாசலோடு நின்றுவிடும். மானை நான் பார்த்ததெல்லாம் வண்டலூரில், வேர்க்கடலையைச் சாப்பிட்டுக்கொண்டே.

மனைவி சுதாவிடம் சொன்னேன். கோபிச்செட்டிபாளையத்துக்காரி. கொஞ்சமும் அசரவில்லை.

"ஏனுங்க, முருகன் வேடன் வேஷம் போட்டு வள்ளியையே கட்டிட்டு வந்துட்டாரு. நீங்க ஒரு கையெழுத்து வாங்கிட்டு வர மாட்டீங்களா?"

உடனே இணையத்தில் ஆராய்ச்சியில் இறங்கினேன். அங்கேதான் குழப்பம் பிடித்தது. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவதா, பத்து மடங்கா? பத்து என்றால் காட்சி ஆடும் என்கிறார் ஒருவர். எட்டு என்றால் கொம்பு தெரியாது என்கிறார் இன்னொருவர். ஒரே கருவிக்கு மூன்று தூரம் போட்டிருந்தது: பளபளக்கும் பொருளுக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, மானுக்கு ஒன்று. (மான் பளபளத்தால் எந்தக் கணக்கு?) மேட்டிலிருந்து பள்ளத்தைப் பார்த்தால் சரிவுக்கு ஏற்றபடி தூரத்தைத் திருத்திச் சொல்லுமாம். எனக்கே இல்லாத பக்குவம் அது.

தலை சுற்றிப்போய் இருவரும் கடைக்கே போனோம். தாடிக்கார விற்பனையாளர் அன்பாக விசாரித்தார். "வில்லா, துப்பாக்கியா?"

"வெஜிடேரியன்" என்றேன். பதற்றத்தில் வந்துவிட்டது.

அவர் ஒரு கணம் என்னையும் சுதாவையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, எதை வேட்டையாடப் போறீங்க?"

"க்ரீன் கார்டைன்னு சொல்லுங்க" என்று சுதா காதைக் கடித்தாள்.

அவரே பரிதாபப்பட்டு ஒரு பத்து மடங்கு பைனாகுலரைக் கையில் கொடுத்தார். சுவரில் மாட்டியிருந்த கரடித் தலையைப் பார்த்து பட்டனை அழுத்தினேன். கண்ணுக்குள் சிவப்பாக 41 என்று எழுந்தது. கரடியின் மூக்கில் இருந்த தூசிகூடத் தெரிந்தது. அப்படியே மயங்கி வாங்கிவிட்டேன்.

"கீறல் விழாம பாத்துக்கங்க. அவருக்குப் புடிக்கலீன்னா ரிட்டன் பண்ணோணும்" என்றாள் சுதா. அவள் சொன்னது அவ்வளவுதான். மீந்த குழம்புக் கிண்ணத்தை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் க்ளிங் ராப்பை எடுத்து, லென்ஸ் உட்பட மொத்தப் பைனாகுலரையும் மூன்று சுற்றுச் சுற்றி இழுத்து ஒட்டியது என் சொந்த மூளை. கண்ணாடி மாதிரி இருந்தது. ஒட்டியதே தெரியவில்லை என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை விடியும் நேரம். நான்கு கால்களின் மேல் ஒரு மரப்பெட்டி. நம் ஊர்ப் பரண்தான், கூரை உண்டு. உள்ளே நானும் டேலும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். நல்ல வெளிச்சம் வந்ததும் ஓக் மரத்தடிக்கு ஒரு மான் வந்து நின்றது. டேல் துப்பாக்கியைத் தூக்கிக் கிசுகிசுத்தார்.

"ஹவ் ஃபார்?"

பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். உலகமே இட்லிப் பானையைத் திறந்த மாதிரி இருந்தது. பட்டனை அழுத்தினேன். எண் வரவில்லை, மூன்று கோடுகள் வந்தன. பனிமூட்டமோ என்று பைனாகுலரை இறக்கிப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு மான் பளிச்சென்று தெரிந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி இட்லிப் பானை. மெனு பட்டனை அழுத்தியதில் யார்டு கணக்கு மீட்டர் கணக்கானது. கோடுகள் மட்டும் கோடுகளாகவே இருந்தன. மான் பளபளக்காததுதான் காரணமோ என்றுகூட யோசித்தேன்.

"ஹவ் ஃபார்?" குரலில் அவசரம் கூடியிருந்தது.

நான் தேர்ந்தெடுத்த கருவி வேலை செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது? கையெழுத்து கண்முன் ஆடியது. எனக்குத் தெரிந்த ஒரே யார்டு கிரிக்கெட் பிட்ச், இருபத்திரண்டு. பரணிலிருந்து மான் வரைக்கும் மனதுக்குள் பிட்சுகளை வரிசையாக விரித்தேன். ஒன்பது வந்தது.

"நூற்றுத் தொண்ணூற்றெட்டு" என்றேன்.

"அவ்வளவு தூரமா? குடு, பார்க்கறேன்." டேல் கையை நீட்டினார்.

அந்த நொடியில்தான் க்ளிங் ராப் ஞாபகம் வந்தது. சரேலென்று திரும்பி உட்கார்ந்து பிரிக்கப் பார்த்தேன். க்ளிங் ராப்பின் முனையை அவசரத்தில் கண்டுபிடித்தவன் இந்தப் பூமியில் உண்டா? நகத்தால் சுரண்டினேன், பல்லால் கடித்தேன். கடைசியில் பிய்த்து இழுத்தபோது அந்தப் பேரமைதியில் எழுந்த சத்தம், கல்யாண மண்டபத்தில் பட்டுப் பாவாடையைக் கிழித்தது மாதிரி இருந்தது. மான் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தது. பிறகு வெள்ளை வாலை உயர்த்திக்கொண்டு காட்டுக்குள் பாய்ந்துவிட்டது.

டேல் துப்பாக்கியை மெல்ல இறக்கி வைத்தார். என் முகவாயில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்ன இது?"

"ப்ரொடெக்‌ஷன்."

"எதுகிட்டேர்ந்து?"

அவர் மிச்சத்தை உரித்து, ஓக் மரத்தைப் பார்த்து அழுத்தினார். "நூத்தி இருபத்தாறு. உன் பேச்சைக் கேட்டிருந்தா குண்டு மானுக்கு மேலே போயிருக்கும்."

அதற்குமேல் தாங்கவில்லை. சைவம், கிரிக்கெட், ரிட்டன், க்ரீன் கார்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் பரண் ஆடியது.

"அந்தக் கையெழுத்தா? வியாழக்கிழமையே போட்டுட்டேனே. ஹெச்ஆர் சொல்லலையா?"

"அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?"

"டீம்ல எல்லாரையும்தான் கூப்பிட்டேன். நீ ஒருத்தன்தான் வரேன்னே!"

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கையெழுத்து கிடைத்த நிம்மதியும், மான் தப்பித்த நிம்மதியும், மானம் போன வெட்கமும் ஒன்றாக வந்தன. பைனாகுலரை டேல் வைத்துக்கொண்டார். அதில் குறை ஒன்றும் இல்லையாம், வைத்திருந்த ஆளிடம்தானாம்.

விண்ணப்பம் அந்த வாரமே கிளம்பிப் போய் வரிசையில் நின்றது; இன்னும் நிற்கிறது. அப்போது டேகேரில் இருந்த எங்கள் மகள் இப்போது ஃப்ரீவேயில் கார் ஓட்டுகிறாள். மாதாமாதம், வரிசை எதுவரை நகர்ந்தது என்று சொல்லும் விசா தேதிகள் வெளியாகும் நாளில் நான் லேப்டாப்பைத் திறந்து உட்காருவேன். சமையலறையிலிருந்து சுதாவின் குரல் வரும்.

"ஏனுங்க, எவ்வளவு தூரம்?"

"மூணு கோடு."

மாடியிலிருந்து மகள் கத்துவாள்: "அப்பா, டேக் த ப்ளாஸ்டிக் ஆஃப்!"